தினமும் எண்ணெய் வைத்தும் பொடுகு ஏன், முடி கொட்டுவது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குத் திருமங்கலத்தில் வீடு, மதுரையில் வேலை, வயது 27. ஒரு வருடமாகப் பொடுகும் அரிப்பும். மூன்றரை மாதத்துக்கு முன் டெங்கு வந்து பத்து நாள் படுத்திருக்கிறார். ஒன்றரை மாதமாகச் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. அம்மா இரவுதோறும் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிறார். வாரம் ஒருமுறை ஷாம்பு, மற்ற நாளில் போர்த்தண்ணீரில் வெறுமனே நனைப்பது. ஈரம் காயுமுன் பின்னி, பூ வைத்து, ஏழரை மணி பஸ். தலையில் இருக்கும் நல்ல கிருமிகளை வளர்த்தால் முடி அடர்த்தியாகும் என்று போனைத் திறந்தால் விளம்பரமாக வருகிறது. "மைக்ரோபயோம் என்கிறார்களே, அது என்ன? அதை வளர்ப்பது எப்படி? அந்த சீரம் வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் தோல் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மருந்துச் சீட்டு எழுத எனக்கு உரிமை கிடையாது. தலையில் யார் யார் குடியிருக்கிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொந்தரவுகள். பொடுகும் அரிப்பும் கிருமி சம்பந்தப்பட்டவை. கொத்தாகக் கொட்டும் முடி, நீங்கள் சொல்லும் தேதிகளைப் பார்த்தால், அந்தக் காய்ச்சலின் பாக்கி. ஒரே தலையில் ஒரே சமயத்தில் நடப்பதால் ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிட்டது போலத் தெரிகிறது. பொடுகைப் பற்றி நிறையச் சொல்லப்போகிறேன். நம் வீட்டுப் பழக்கங்கள் கலந்திருப்பது அதில்தான்.

வகுப்பில் வருடாவருடம் ஒரு செய்முறை உண்டு. பொடுகு இருக்கும் மாணவர் ஒருவர் வகிட்டில் செல்லோடேப்பை ஒட்டிப் பிய்ப்பார். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பெரிய லென்ஸைத் திருப்பினால், செதில்களுக்கு நடுவே குட்டிக் குட்டிச் சுரைக்குடுக்கைகள் நீலமாகக் கிடக்கும். பெருத்த வயிறு, குறுகிய கழுத்து, கழுத்தின் நுனியில் ஒரு மொட்டு. அந்த மொட்டுதான் அடுத்த தலைமுறை. மலசேசியா என்று பெயர். ஈஸ்ட் வகைப் பூஞ்சை. 1874-ல் தோல் செதிலில் இதைப் பார்த்து விவரித்த மலசே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைப் பின்னாளில் வைத்தார்கள்.

செய்முறையின் இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. பூஞ்சை வளர்க்கும் வழக்கமான தட்டு இரண்டு எடுப்போம். ஒன்றை அப்படியே விட்டு, மற்றதன் மேல் ஆலிவ் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவோம். இரண்டிலும் அதே செதிலைத் தேய்த்து, 32 டிகிரி சூட்டில் வைத்துவிடுவோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வெறும் தட்டில் இந்தப் பூஞ்சை தலைகாட்டியிருக்காது. எண்ணெய்த் தட்டில் பாலாடை நிறத்தில் புள்ளி புள்ளியாக எழுந்திருக்கும். எல்லா வருடமும் சரியாக வந்துவிடாது. தலையில் நிறைய இருக்கும் ரெஸ்ட்ரிக்டா என்ற வகை ரொம்பப் பிகு பண்ணும், அதற்குத் தனித் தீனி வேண்டும். ஆனால் வந்த வருடமெல்லாம், யாராவது ஒரு பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதத்தான் எங்கம்மா தெனம் ராத்திரி பண்ணுது" என்று சொல்லும். வகுப்பே சிரிக்கும்.

அந்தப் பிள்ளை சொன்னதில் முக்கால்வாசி சரி. மலசேசியாவுக்குக் கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. 2007-ல் குளோபோசா வகையின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, அதற்கான மரபணுவே அதில் இல்லை என்று தெரிந்தது. வெளியில் கிடைக்கும் எண்ணெய்தான் அதற்குச் சோறு. நம் தலைத்தோலின் மயிர்க்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் சீபம் என்ற கொழுப்பைத் தின்று இது காலம் தள்ளுகிறது. சுரப்பி சுறுசுறுப்பாவது வயதுக்கு வரும்போது என்பதால்தான் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பொடுகு அபூர்வம். சின்னப் பிள்ளை தலையில் செதில் செதிலாக உதிர்ந்து முடியும் அங்கங்கே முறிந்திருந்தால், பொடுகு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது படர்தாமரையாக இருக்கலாம். தலையில் வந்த படர்தாமரை ஷாம்புவுக்கும் களிம்புக்கும் கட்டுப்படாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும்.

சரி, தின்றுவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன? சிக்கல் அது மிச்சம் வைப்பதில் இருக்கிறது. லைப்பேஸ் என்ற நொதியைக் கக்கி, சீபத்தை உடைத்து, தனக்குப் பிடித்த நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. ஓலிக் அமிலம் போன்றவற்றைத் தோலிலேயே விட்டுவிடுகிறது. ஓலிக் அமிலம் தோலின் மேலடுக்கில் இறங்கி, செங்கல்லுக்கு நடுவே சாந்து பெயர்வது போல இணைப்பைத் தளர்த்துகிறது. உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொண்டு அவசரம் அவசரமாகப் புதுத்தோல் செய்கிறது. சாதாரணமாக ஒரு மாதம் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிரவேண்டிய தோல், முதிராமலேயே கொத்தாகப் பெயர்ந்து வருகிறது. கருப்புச் சுடிதாரில் நீங்கள் தட்டிவிடுவது அதைத்தான்.

இதிலும் ஒரு நுணுக்கம். ஓலிக் அமிலத்தை நேரடியாகத் தலையில் பூசிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொடுகு வரும் வாகு உள்ளவர்களுக்குச் செதில் வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. மலசேசியா எல்லோர் தலையிலும்தான் இருக்கிறது. என் தலையில் இருக்கிறது, முடி இல்லாத இடத்திலும் இருக்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் தோல் மட்டும்தான் அதன் மிச்சத்துக்குக் கோபித்துக்கொள்கிறது. ஆகவே பொடுகு வந்தவர் அழுக்கானவர் என்று நினைப்பது அநியாயம். அக்கா தங்கை இருவரும் ஒரே சோப்பு, ஒரே சீப்பு, ஒருத்திக்கு மட்டும் பொடுகு என்பதெல்லாம் இதனால்தான்.

பூஞ்சை மட்டும் அங்கே தனியாக இல்லை. கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக் குடும்பங்கள் கூடவே இருக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் மைக்ரோபயோம் என்கிறார்கள், நுண்ணுயிர்க் கூட்டம். பொடுகு இல்லாத தலையில் ஆக்னிஸ் ஓங்கியிருக்கும். பொடுகுத் தலையில் அது குறைந்து ஸ்டெஃபிலோகாக்கஸ் பெருகியிருக்கும். பூஞ்சையிலும் குளோபோசாவைவிட ரெஸ்ட்ரிக்டா கூடியிருக்கும். போபாலில் உள்ள ஐசர் என்ற அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 140 இந்தியப் பெண்களின் தலையைச் சோதித்து 2018-ல் வெளியிட்டதும் ஏறக்குறைய இந்தச் சித்திரம்தான். முகத்தில் பரு வரும்போது நாம் திட்டுகிற அதே ஆக்னிஸ், தலையில் இருந்தால் நல்ல அறிகுறி. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எந்த இடம், எவ்வளவு, அந்தத் தோல் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

அதனால் கிருமியை "வளர்ப்பது" பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை உங்களைக் கேட்காமலே வளரும். எண்ணெய், ஈரம், சூடு என்று அவற்றுக்கு நாம் எதை எவ்வளவு கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. மதுரையில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும், வியர்வை வகிட்டில் ஓடும். மிச்சம் எண்ணெயும் ஈரமும்.

எண்ணெயைப் பற்றிச் சொன்னால் உங்கள் அம்மா என்மேல் கோபப்படுவார். அதனால் அவர் பக்கத்து நியாயத்தையே முதலில் சொல்கிறேன். தேங்காயெண்ணெய் முடிக்கு நல்லது என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 2003-ல் வந்த ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடித்தண்டிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காயெண்ணெய் மட்டும்தான் குறைத்தது. அதில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, முடிக்குள் நுழைந்துவிடும். போபால் குழுவே 2021-ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. தேங்காயெண்ணெய் பூசிவந்தவர்களின் தலையில், ஆரோக்கியமான தலையில் காணப்படும் கிருமிகள் கூடியிருந்தன. அதில் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் பங்கும் உண்டு என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். அதோடு, அந்தப் பெண்கள் எண்ணெயைப் பூசிவிட்டு அப்படியே திரியவில்லை. எண்ணெயோடு சேர்த்து ஷாம்புவும் போட்டார்கள்.

நம்மூர்ப் பழக்கமும் அதுதானே? பேரிலேயே இருக்கிறது, எண்ணெய் *முழுக்கு*. ஆண்களுக்குச் சனி, பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி. நல்லெண்ணெயைச் சூடு காட்டி உச்சியில் வைத்து, அரைமணியோ ஒரு மணியோ ஊறவிட்டு, அரப்போ சீயக்காயோ போட்டு, "எண்ணெய்ச் சிக்கு போச்சா?" என்று தலையை விரலால் அழுத்திப் பார்த்து, போகாவிட்டால் இன்னொரு கை அரப்பு தேய்த்து அலசிவிட்டுத்தான் விடுவார்கள். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலை. உசிலம்பட்டிக்கே அந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்பார்கள். இலையில் சபோனின் இருக்கிறது, சோப்பு மாதிரி நுரைத்து எண்ணெயைப் பற்றி இழுக்கும். தூளும் எண்ணெயை உறிஞ்சும். நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஓலிக் அமிலம். அதைத் தலையில் விட்டுவைக்காமல் அன்றே எடுத்துவிட்டார்கள்.

இடையில் என்ன ஆயிற்று? அரப்பு இடிக்கவும் அலசவும் நேரமில்லாமல் போயிற்று. முழுக்கு போயிற்று, எண்ணெய் மட்டும் தங்கிவிட்டது. வாரம் ஒரு நாள் வைத்து வழித்த எண்ணெயைத் தினம் இரவு வைத்து, வியர்வையோடும் தூசியோடும் ஆறு நாள் சுமந்துகொண்டு திரிகிறோம். உங்கள் பொடுகில் பாதிக் கதை இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆகவே அம்மாவிடம் எண்ணெயே வேண்டாம் என்று சண்டை போடவேண்டியதில்லை. பொடுகு அடங்கும்வரை எண்ணெய் தலைத்தோலில் படாமல், காதுக்குக் கீழே முடியின் நீளத்தில் மட்டும் இருக்கட்டும். அதுவும் தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி முன்பு. அடங்கிய பிறகு வாரம் ஒரு நாள் உச்சியிலும் வைத்துக்கொள்ளலாம், அன்றே அலசிவிட வேண்டும் என்ற பழைய நிபந்தனையோடு.

அடுத்தது ஈரம். ஈரத் தலையைப் பின்னினால் பின்னலின் உட்பக்கம் சாயங்காலம் வரை காயாது. நீங்களே ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து, பிடரியில் விரல் விட்டுப் பாருங்கள், நசநசவென்று இருக்கும், ஒரு புளித்த வாடையும் வரும். அங்கேதான் அரிப்பு அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். ஈரமும் எண்ணெயும் சேர்த்துக் கட்டிவைக்கும் முடியில் வெண்பியெட்ரா என்று இன்னொரு பூஞ்சை ஒட்டிக்கொள்வதும் உண்டு. முடித்தண்டில் வெள்ளையாகச் சின்னச் சின்ன மணி. ஈர், அதாவது பேன்முட்டை, என்று நினைத்துப் பேன்மருந்து போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஈர் முடியின் ஒரு பக்கத்தில் சாய்வாக ஒட்டியிருக்கும், இது முடியைச் சுற்றி உறை மாதிரி இருக்கும், நகத்தால் உருவினால் வந்துவிடும். மல்லிகைப் பூமேல் பழி போடவேண்டாம். மதுரை மல்லி எந்தத் தலைக்கும் கெடுதல் செய்ததில்லை, ஈரத்தின் மேல் வைக்காதவரை. தலைக்குக் குளிப்பதை முந்தின நாள் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கல் மொத்தமும் தீர்ந்துவிடும்.

போர்த்தண்ணீர். "உப்புத் தண்ணி, முடி கொட்டுது" என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வராது, சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாக முடியில் படியும். முடி சணல் மாதிரி ஆகும், சிக்கு விழும், சீப்பு போட்டால் நடுவில் முறியும். வேரோடு கொட்டுவது வேறு கணக்கு. கையில் வந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது, இல்லாவிட்டால் முறிந்தது. குளிக்கும் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். தலைத்தோல் 5.5 அளவில் லேசான புளிப்போடு இருக்கும், சோப்போ காரப்பக்கம் 9, 10 என்று நிற்கும். ஷாம்பு இந்தத் தண்ணீரிலும் படிவு விடாது. கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும்.

இப்போது உங்களுக்கு இருக்கும் பொடுகை அடக்க, மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு கிடைக்கும். பூஞ்சையின் எண்ணிக்கையைக் குறைக்கும் மருந்து அது. எல்லோரும் செய்யும் தப்பு, நுரை வந்ததும் அலசிவிடுவது. மருந்து வேலை செய்யவேண்டிய இடம் தோல், முடி இல்லை. தலையை நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் தடவி, 5 நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். 5 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். நான் பிள்ளைகளிடம், பாத்ரூமில் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாடி முடித்துவிட்டு அலசு என்பேன். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். அப்புறம் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை. நிறுத்தினால் திரும்பி வரும், ஏனென்றால் பூஞ்சை அங்கேயே குடியிருப்பது, ஒழிந்துபோவதில்லை. இடையில் தலை கசகசத்தால் சாதாரண மென்மையான ஷாம்பு போட்டுக்கொள்ளலாம். தினமும் தலைக்குக் குளித்தால் முடி கொட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கொட்டக் காத்திருந்த முடிதான் குளிக்கும்போது வருகிறது. கர்ப்பமாக இருந்தால் மட்டும் எந்த மருந்து ஷாம்புவும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

மருந்துக்கடையில் "பொடுகுக்கும் அரிப்புக்கும் நல்ல ட்யூப்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படிக் கொடுப்பவை பலவும் ஸ்டீராய்டு கலந்தவை. மூன்று நாளில் அரிப்பு போய்விடும், அதுதான் ஆபத்தே. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, உள்ளே இருப்பது படர்தாமரையாக இருந்தால் அடையாளம் தெரியாமல் பரவும்.

அந்தப் புரோபயாடிக் சீரம். உயிருள்ள பாக்டீரியாவைப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் கடையில் வைப்பது லேசில்லை. பாட்டில் கெடாமலிருக்கப் போடும் பதப்படுத்திகளே அதைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதில் இருப்பது பாக்டீரியாவைச் சிதைத்து எடுத்த சாறும் அது விட்டுச்சென்ற திரவமும்தான். சிலருக்கு அரிப்பைத் தணிக்கலாம், மறுக்கவில்லை. அதனால் முடி முளைக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று இன்னும் வரவில்லை. என் காசாக இருந்தால் வாங்கமாட்டேன். "அப்போ தயிர் தேய்க்கலாமா, அதில் உயிருள்ள கிருமி இருக்கிறதே?" என்று அடுத்த கேள்வி வரும். தயிரின் லாக்டோபாசில்லஸ் தலையில் குடியிருக்கும் சாதி இல்லை, அலசினால் போய்விடும். முடி மினுமினுப்பாகும், வெந்தயம் அரைத்துப் போட்டாலும் ஆகும், ஆசைக்குச் செய்யலாம்.

எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். இருபத்திரண்டு வயதில் பொடுகுக்கு எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தலையில் தேய்த்துக்கொண்டு, காயட்டும் என்று மொட்டைமாடியில் நின்றேன். சாறு நெற்றியோரம் வழிந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் வழிந்த கோட்டிலேயே சிவந்து, கொப்புளமாகி, கன்னம் வரை கரிக்கோடு விழுந்தது. நம்மூர் எலுமிச்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அந்தக் கோடு இருந்தது. மாமனார் கேட்டார், நான் பைக்கில் விழுந்தேன் என்று சொன்னேன்.

இனி முடி. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்தி, மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். டெங்கு மாதிரிக் கடுமையான காய்ச்சல் வந்தால், உடம்பு முடி வளர்க்கும் வேலையைத் தள்ளிப்போடுகிறது. வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு இரண்டு மூன்று மாதம் என்பதால், காய்ச்சலை மறந்துபோன நேரத்தில்தான் கொத்தாக வந்து விழும். உங்கள் தேதிகள் அப்படியே பொருந்துகின்றன. பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும், பட்டினி கிடந்து எடை குறைத்தவர்களுக்குக் கொட்டுவதும் இதே கதைதான். வேர் சாகவில்லை, விழுந்த இடத்தில் அடுத்தது கிளம்பிவிட்டது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நிற்கும்.

கிருமிக்கும் முடிக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு, விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. கிருமிகள் பெரும்பாலும் மயிர்க்காலின் மேல்பகுதியில், எண்ணெய்ச் சுரப்பி திறக்கும் மட்டத்தில் இருக்கின்றன. முடியை உருவாக்கும் குமிழ் அதற்குக் கீழே ஆழத்தில். மேலே ஓயாமல் அழற்சி இருந்தால் அந்தச் சூழலில் வளர்ந்து வெளியே வரும் முடியின் மேற்பரப்பு சொரசொரப்பாக, பலம் குறைந்து வரும். சொறிந்தால் இன்னும் முறியும். பொடுகை அடக்கினால் முடியின் தரம் தேறும், கொட்டுவதும் ஓரளவு குறையும். வழுக்கைப் பரம்பரைக்கு அது மருந்தாகாது, அங்கே ஹார்மோன் பேசுகிறது.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வருமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். அழகருக்கு நேர்ந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், சித்திரைத் திருவிழாவில் நான் மூன்று முறை போட்டிருக்கிறேன். சவரக்கத்தி வேரைத் தொடுவதில்லை. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் தடவும்போது அடர்த்தி மாதிரித் தெரிகிறது. பொடுகு கொஞ்ச நாள் குறையும், வெயிலும் தண்ணீரும் நேராகத் தோலுக்குப் போவதால்.

கொட்டுவது ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட வேண்டும்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பு), தைராய்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இரும்பு குறைந்த உடம்புக்கு எந்த சீரமும் உதவாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று வீட்டில் இருப்பதிலேயே தொடங்கலாம். சோதனையில் குறைவு தெரிந்தால் டாக்டர் மாத்திரை தருவார். பயோட்டின் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்காதீர்கள். அந்தச் சத்துக் குறைவு நம்மில் அபூர்வம், அதைச் சாப்பிட்டால் தைராய்டுப் பரிசோதனையின் முடிவும் தப்பாக வரக்கூடும்.

ஷாம்புவை நான்கு வாரம் சரியாகப் போட்டும் அடங்காவிட்டால், வட்டமாகச் சொட்டை விழுந்தால், சீழ் வைத்தால், செதில் வெள்ளித்தகடு மாதிரித் தடித்து நெற்றியைத் தாண்டினால், வகிடு வரவர அகலமானால், தோல் டாக்டரிடம் போய்விடுங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் மதியத்துக்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம். போகிற அன்று தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள் தாயி, செதில் எண்ணெயில் ஊறியிருந்தால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

கொட்டிய முடியை எண்ணி மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு நடு வகிடு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், அம்மாவை விட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஜன்னல், அதே நேரம், இன்னொன்று. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நெற்றியோரத்தில் விரல்கடை நீளத்துக்குக் குட்டி முடிகள் சீப்புக்கு அடங்காமல் நிமிர்ந்து நின்றால், காய்ச்சலில் போனது திரும்பிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் வைத்து அதைப் படியவைக்க அம்மா வருவார்.